தற்சுழற்சி

பட்டறையில் அண்ணன் துடைத்த ரோட்டரையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போதும்ணே, குடு. பஸ் போயிடும்" என்று தங்கை கையை நீட்டினாள்.

பழைய மேசை விசிறி மோட்டாரிலிருந்து கழற்றிய, சுழலும் பாகம் அது. பள்ளிக்கூடத்தில் அன்று அவளுக்கு மாதிரி வகுப்பு. தலைமையாசிரியை பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். பிடித்துப்போனால் மேல் வகுப்பு இயற்பியல் அவளுக்கு, வேலையும் நிரந்தரமாகும். அவள் படித்ததோ தாவரவியல். எலக்ட்ரான் இப்படித்தான் தன்னைத்தானே சுற்றுகிறது என்று சுழற்றிக் காட்டவே ரோட்டரைக் கேட்டிருந்தாள். அப்படிச் சொல்லிக்கொடுத்தது அண்ணன்தான்.

எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். படிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆனால் குவாண்டம் பற்றிப் புதிதாக எது வந்தாலும் மதியச் சாப்பாட்டின்போது போனில் பார்த்துவிடுவார். ஒரே துகள் இரண்டு வழியிலும் போகிறதாம், சுவரில் ஏறாமலே அந்தப் பக்கம் இருக்கிறதாம். கேட்கக் கேட்கச் சோறு ஆறிப்போகும். பட்டறையில் அவருக்குப் பெயர் 'விஞ்ஞானி'. பாதி புரியும். மீதியை மோட்டாரைக் கொண்டு நிரப்பிக்கொள்வார். தற்சுழற்சி என்ற சொல் காதில் விழுந்த அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சுழல்வதைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

போன வாரம் இன்னொரு வீடியோ வந்தது. பெயர்தான் தற்சுழற்சி, எலக்ட்ரான் எதுவும் சுழலவில்லை, பம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள் என்றார் அதில் பேசியவர். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் அதையேதான் சொன்னார். தங்கையிடம் சொல்லப் போனபோதெல்லாம், "எல்லாம் நீ சொன்ன மாதிரியே எழுதிட்டேண்ணே" என்று அவள் முந்திக்கொண்டாள். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போது அவளே கேட்டாள். "சுத்துதுதானேண்ணே? அங்க போய் நான் உளறக் கூடாது."

பின்னாலிருந்து டெஸ்டர் குரல் கொடுத்தான். எதைத் தொட்டாலும் முதலில் கரண்டு இருக்கிறதா என்று பார்ப்பவன் என்பதால் அந்தப் பெயர். "யாரைக் கேக்குற தங்கச்சி? எலக்ட்ரானுக்கே காயில் கட்டிக் குடுத்தவரு அவரு."

பட்டறையே சிரித்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"சுத்தும்" என்று ரோட்டரைக் கொடுத்தார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கே அவள் வந்தாள்.

"பிசிக்ஸ் பெரிய சார் ஒருத்தரும் வந்திருந்தாருண்ணே. பிள்ளைங்க முன்னாடி ஒண்ணும் சொல்லல. வெளிய வந்தப்புறம், 'நல்லாத்தான் நடத்துனீங்க, ஆனா அது சுத்துறதில்லையேம்மா'ன்னாரு. பக்கத்துலயே எச்.எம். நிக்கிறாங்க."

அவர் அவளிடமிருந்து ரோட்டரை வாங்கி வைத்தார்.

"யாரு சொல்லிக்குடுத்ததுன்னு கேட்டாங்க. நானா யோசிச்சதுன்னுட்டேன். உன் பேரை எதுக்கு இழுக்கணும்? நாம தெரியாமத்தானே செஞ்சோம்."

அவள் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

"ஆமா, தெரியாமத்தான்" என்றார்.

அடுப்படியிலிருந்து மனைவி, "இவர் பேச்சைக் கேட்டா பாடம் நடத்துன? குழம்புல உப்பு இல்லைங்கிறதே இவருக்குச் சாப்பிட்டு முடிச்சாத்தான் தெரியும்" என்றாள்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி. படிக்க வெச்சிருந்தா எங்கண்ணன் எங்கயோ போயிருக்கும்."

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கழுவிய முகத்தையே கழுவினார். அவள் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் குழாயை மூடினார்.

மறுநாள் மேல் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். தங்கை போனில் சொன்னாள். அவர் 'ம்' கொட்டினார். பட்டறைக்கு இரண்டு தண்ணீர் மோட்டார்கள் வந்தன. ஒன்றின் கருகிய காயிலைப் பிரித்தார். விஞ்ஞானி, இன்னைக்கு என்ன புதுச் சேதி என்று டெஸ்டர் கேட்டான். ஒன்றுமில்லை என்றார். மதியம் போனை எடுக்காமலே சாப்பிட்டார். சாயங்காலம் ஒரு மோட்டார் ஓடியது. மற்றதற்குக் கம்பி போதவில்லை.