சாமந்தி விழாவில் ஒரு வசந்த அங்கி

தலைநகரில் சுருள் ஓவியத்துக்கு என் பட்டறையை மிஞ்ச ஆளில்லை. கரி மூட்டை சுமந்து பிழைத்த நான் தனியாகக் கட்டியது அது. அங்கே வண்ணம் பூசியவள் என் மனைவி இனுமே, சாயக்காரர் மகள். அரண்மனைப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான் வரைவோம்; யார் யாரென்று அங்கியின் நிறம் சொல்லும்.

ஒருமுறை இலையுதிர்காலச் சாமந்தி விழாப் படத்தில், படம் கேட்ட சீமாட்டிக்கு மட்டும் இனுமே வசந்தகால அங்கி பூசிவிட்டாள். பருவம் தப்பிய உடை அரண்மனையில் பெருத்த அவமானம். சீமாட்டியின் மாட்டுவண்டியோ வாசலுக்கே வந்துவிட்டது.

"சுரண்டிடுடி!"

"கனத்த பூச்சுங்க, தாள் கிழிஞ்சிடும். வாசல்ல போய் உங்க பெருமையைப் பேசிட்டிருங்க."

பேசினேன். அதில் எனக்குக் குறைவேது? அதற்குள் அவள் சாமந்திச் செடிகளை மறைத்து, வசந்தத்தில் பூக்கும் செர்ரி மரத்தைப் பூக்கவைத்துவிட்டாள்.

வண்டித் திரைக்குள் சுருளை நீட்டினோம்.

"சாமந்தியில்ல கேட்டேன்?"

"வசந்தம்தாங்கம்மா உங்களுக்கு எடுப்பு," என்றாள் இனுமே.

திரைக்குள் சுருள் முழுதாக விரியும் சரசரப்பு. பிறகு வண்டி குலுங்கியது.

"அய்யோ, மத்தவளுங்க எல்லாம் செர்ரி பூக்கிறப்போ இலையுதிர்கால அங்கியில உக்காந்திருக்காளுங்க! என்னை எப்பவும் மட்டம் தட்டற அந்த வடக்குக்கூடத்துக்காரியுமா!"

சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

"ஓட்டுடா அரண்மனைக்கு! ஈரம் காயறதுக்குள்ள எல்லாருக்கும் காட்டணும்!"