கை தூக்கும் பக்கம்

ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், பனியன் கம்பெனி, ஓட்டல் சப்ளையர் என்று எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. மாநில எல்லையோரத்து ஜூஜுவாடியில் வாடகை வீடுகள் வரிசையாக இருந்த ஒரு காம்பவுண்டுக்குப் பகல் வாட்ச்மேனாக வந்தபோதும், மாங்காய் சீசன் தொடங்கினால் நாகரசம்பட்டிப் பக்கம் லோடு ஏற்றப் போய்விடுவது என்றுதான் இருந்தேன்.

அந்தக் காம்பவுண்டில் தருமபுரிக்காரப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். ஆசிரியர் படிப்பு முடித்தும் வேலை கிடைக்காமல், உதிரிபாகக் கம்பெனியில் முதல் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை நாலரைக்கு வண்டி நிறுத்தும் ஷெட்டில் பிள்ளைகள் பதினோரு பேரை உட்காரவைத்து ஒரு சிறுவர் நாவலைப் படிக்கத் தொடங்கினாள். இருந்தது ஒரே பிரதி. கிடை ஆடு மேய்க்கப் போன அப்பா ஒருநாள் திரும்பி வராமல் போக, அவரைத் தேடிப் புறப்படும் சிறுமியின் கதை.

பிள்ளைகள் மூன்றாவது முதல் ஐந்தாவது வரை. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம், விளையாட்டில் தெலுங்கு. மூன்றையும் கலந்து நன்றாகவே சண்டை போடுவார்கள். புத்தகத்தை நீட்டினால் எழுத்தெழுத்தாக வாசித்துவிடுவார்கள். என்ன வாசித்தாய் என்றால் விழிப்பார்கள். தெரியவில்லை என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க சத்தமா படிங்க. தெரியாத வார்த்த வந்தா நிறுத்திட்டு கை தூக்கணும், அவ்வளவுதான்."

முதல் பக்கத்திலேயே நாலு முறை தூக்கினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். உங்க மிஸ் அடிக்கவே இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். அடித்தார்கள், அதனால்தான் வாட்ச்மேன் ஆனேன் என்றேன். மூன்றாம் நாள் பாதிப் பேருடைய கைகள் என்னோடு சேர்ந்து எழுந்தன. கை எழுந்த வார்த்தையை டீச்சர் ஷெட்டின் ஷட்டரில் சாக்பீஸால் எழுதுவாள். உடனே பொருள் சொல்லமாட்டாள். முன்வரியையும் பின்வரியையும் திரும்பப் படிக்கவைத்து, என்னவாக இருக்கும் என்று கேட்பாள். மறுநாள் அந்த வார்த்தையை வைத்துத் தன் வீட்டில் நடந்த ஒன்றை யாராவது சொன்னால்தான் அழிப்பாள்.

ஒருநாளும் கை தூக்காதவள் ஒரே ஒருத்தி. நாலாவது படித்தாள். அப்பாவுக்கு வண்டி கம்பெனியில் வேலை, அம்மாவுக்கு ரோஜாப் பண்ணையில். இராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, படிப்பும் ஏறவில்லை, முழுப் பரீட்சை லீவுக்குள் வாசித்துப் பொருள் சொல்லாவிட்டால் ஊரில் அத்தை வீட்டில் விட்டுவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். தெரியாது என்று காட்டிக்கொண்டால் பஸ் ஏற்றிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

அப்பா வராத பக்கத்தை ஒருநாள் படித்து முடித்தோம். விடிந்தும் வாசலில் நின்று அந்தச் சிறுமி ஏன் அழுகிறாள் என்று டீச்சர் கேட்டாள். பிள்ளைகளுக்கு அழுகைதான் புரியவில்லை. அப்பாவுக்கு நைட் ஷிப்டாக இருக்கும், அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வரவில்லையென்றால் அப்படியே டபுள் பார்ப்பார், இதற்கெல்லாம் அழுவார்களா என்றார்கள். எனக்கே சரிதானே என்று தோன்றியது.

டீச்சர் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. கம்பெனி பஸ் வந்து நிற்கிறது, எல்லாரும் இறங்குகிறார்கள், உங்க அப்பா மட்டும் இறங்கவில்லை, என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கை தூக்காத பெண்தான் வாயைத் திறந்தாள்.

"டிரைவர்கிட்ட கேப்பேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இவளுக்குக் கேக்கறதுக்கு டிரைவர்கூட இல்லையே அக்கா" என்றாள்.

அன்றைக்குப் புத்தகத்தை மூடவிடாமல் இன்னும் ஒரு பக்கம் படிக்கச் சொன்னதும் அவள்தான். அதற்கடுத்த வாரம் அவள் கையும் எழுந்தது.

லீவு நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா ஷெட்டுக்கு வந்தார். படித்த பக்கம் வேண்டாம், மனப்பாடமாக இருக்கும் என்று சொல்லி, நாங்கள் இன்னும் தொடாத ஒரு பக்கத்தைத் திறந்து மகளிடம் கொடுத்தார். அவள் தட்டுத்தடுமாறி வாசித்தாள். நாலாவது வரியில் நிறுத்தி, பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டாள்.

"தெரியலன்னு கை தூக்கத்தான் இத்தன நாளா இங்க வந்தியா?" என்றார்.

அவள் கை அந்தரத்திலேயே நின்றது. டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் அந்த வரியை எட்டிப் பார்த்து, நானும் கையைத் தூக்கினேன். பொய்யில்லை, கண்மாய் என்ற சொல்லை நான் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, சரியாகத் தெரியாது.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்மூர்ல மழத் தண்ணியத் தேக்கி வப்பம்ல, ஆத்தா. இங்க ஏரிங்கிறாக. நீ சின்னப்புள்ளையில கர மேல ஓடியிருக்க" என்றார். அவள் தலையாட்டிவிட்டு, முன்வரியிலிருந்து திரும்ப வாசித்தாள். அப்பாவைத் தேடிவந்த சிறுமியைக் கண்மாய்க் கரை வீட்டில் ஒரு அம்மா கூப்பிட்டுச் சோறு போடுகிறாள். சிறுமி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். பக்கம் அதோடு முடிந்தது.

ஏன் சாப்பிடவில்லை என்று அவர் கேட்டார். அதற்குப் பதில் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

"சோறு நல்லாத்தான் போட்டுருக்காங்க. ஆனா அவ வழியையே பாத்துட்டு இருக்கால்லப்பா. எப்பிடி எறங்கும்?"

அவர் மகளிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். பிறகு மடக்கி என் கையில் கொடுத்தார்.

"அண்ணே, அந்தாளு திரும்பி வர்றானா?"

இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை, முப்பது பக்கம் பாக்கி இருக்கிறது என்றேன்.

"அப்ப முடிக்கட்டும். லீவு முடிஞ்சாலும் பரவால்ல, இங்கயே இருந்து முடிக்கட்டும்" என்றார்.

மகள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஷட்டரில் கண்மாய் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

நாகரசம்பட்டியிலிருந்து மறுநாள் கூட லோடு ஏற்றுபவன் ஒருவன் போன் செய்தான். மாங்காய் இறக்க ஆரம்பித்துவிட்டார்களாம். முப்பது பக்கம் கழித்து வருகிறேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.