அத்தா குடித்த ஆலிவ் எண்ணெய்

ஆலிவ் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு உடனே குழந்தைப் பவுடர் வாசம் வந்துவிடும். காரணம் எங்கள் அத்தா. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அப்போது சங்கரன்கோவிலில் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு. கடைப் பலகையோ பிஸ்கட் உறையோ, கண்ணில் படும் இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் சத்தம் போட்டு வாசிக்கிற வயது. வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் மழை தொடங்கிய சமயத்தில், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வரும் வழியில் அத்தாவுக்கு நெஞ்சைப் பிடித்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, "சனங்கள பின்னால வார பஸ்ல ஏத்தி விடு" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாராம். டாக்டரம்மா இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, மாரடைப்பு இல்லை, ஆனால் ரத்தத்தில் கொழுப்பு கூடிக் கிடக்கிறது, இப்படியே போனால் அதுவும் வரும் என்றார். மாத்திரை கொடுத்தார். புரோட்டாவையும் வடையையும் மறந்துவிட வேண்டும் என்றார். பஸ் ஸ்டாண்ட் கடைகளில் பாதி ஆயுளைக் கழித்த மனிதரிடம் அதைச் சொன்னபோது, நெஞ்சுவலியைவிட இதுதான் அவரை அதிகம் வாட்டியதாக அம்மா சொல்வாள்.

செய்தி கேட்டுக் கடையநல்லூரிலிருந்து மாமி ஓடி வந்தார். மாமி என்றால் அத்தாவின் அக்கா. அவருடைய மகன் துபாயில் வேலை பார்த்தார். மாமியின் பைக்குள் டர்க்கி டவலில் சுற்றிய கரும்பச்சைக் கண்ணாடி பாட்டில் ஒன்று இருந்தது. பச்சைக் குழந்தையை எடுப்பது போல இரண்டு கையாலும் அதை வெளியே எடுத்தார்.

"ஜைத்தூன் எண்ணெய். குர்ஆன்லயே ஜைத்தூனைப் பத்தி வந்திருக்கு. ஏலே தம்பி, பிஸ்மி சொல்லி தினமும் காலையில வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் குடி. நெஞ்சுல அடைச்சுக் கெடக்கத எல்லாம் வழிச்சு எடுத்துட்டுப் போயிரும்."

நான் பாட்டிலை வாங்கி வாசித்தேன். எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் ஆயில்.

"மாமி, வெர்ஜின்னா என்ன?"

மாமி அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"கலப்படம் இல்லாததுன்னு அர்த்தம்" என்றார் மாமி.

"எக்ஸ்ட்ரான்னா?"

"கொஞ்சம்கூட கலப்படம் இல்லன்னு அர்த்தம். போயி வீட்டுப் பாடத்தை எழுது."

அந்த எண்ணெய் என்னவெல்லாம் செய்யும் என்று மாமி அன்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். இதயத்துக்கு நல்லது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும், மூட்டு வீக்கம் வற்றும், ஞாபக சக்தி கூடும், தோல் மினுங்கும், முடி கொட்டாது. பாதி மகன் போனில் சொன்னது, பாதி வாட்ஸ்அப்பில் வந்தது. அத்தா கடைசியில் தன் வழுக்கைத் தலையைத் தடவியபடி, "முடி மொளைக்குமான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

மறுநாள் காலையில் முதல் ஸ்பூனைக் குடித்துவிட்டு அவர் இருமிய இருமல் தெருவுக்கே கேட்டது. புல்லை அரைத்துக் குடித்த மாதிரி இருக்கிறது, தொண்டையில் மிளகு கடித்த மாதிரி காறுகிறது என்றார். ஆனாலும் விடவில்லை. நாலைந்து நாளில் பழகிவிட்டது. பழகியதோடு, அந்த ஒரு ஸ்பூன் எண்ணெயின் மேல் அவருக்கு அளவு கடந்த நம்பிக்கையும் வந்துவிட்டது. காலையில் அதைக் குடித்துவிட்ட தைரியத்தில் மத்தியானம் பழைய கடையில் பழைய இடத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாட்டில் தீர்ந்தது. துபாயிலிருந்து அடுத்த பாட்டில் வர யாராவது ஊருக்கு வர வேண்டும். அத்தாவுக்கு ஒருநாள் தவறினாலும் ஏதாவது ஆகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னையும் கூட்டிக்கொண்டு மெடிக்கலுக்குப் போனாள்.

"ஆலிவ் ஆயில் இருக்கா?"

"இருக்குக்கா. வலிக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா. நெஞ்சுல வலி."

"தொடர்ந்து போட்டா நல்லாக் கேக்கும்."

தமிழில் மருந்தையும் போடுவார்கள், மாத்திரையையும் போடுவார்கள். அம்மாவுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. கடைக்காரர் பேப்பரில் சுற்றித் தந்த சின்ன அட்டைப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தோம். புதுப் பாட்டிலைப் பார்த்தால் அத்தா ஆயிரம் கேள்வி கேட்பார் என்று, எண்ணெயைப் பழைய பச்சை பாட்டிலில் ஊற்றி வைத்தாள். காலியான குட்டிப் பாட்டில் ஜன்னல் ஓரத்துச் சாமான்களுக்குப் பின்னால் போனது.

"இது என்ன, சோப்பு வாசம் வருது?" என்றார் அத்தா மறுநாள்.

"அது வெளிநாட்டுல வாங்கினது. இது நம்ம ஊர்ல வாங்கினது. கொஞ்சம் முன்னப் பின்னத்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

காறல் போய்விட்டதில் அத்தாவுக்கு உள்ளூர நிம்மதிதான். என்ன, ஏப்பம் விட்டால் தொட்டில் கட்டிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசம். "அண்ணாச்சி, வீட்டுல விசேஷமா?" என்று கண்டக்டர் கேட்டதாக அவரே வந்து சொல்லிச் சிரித்தார். வயிறும் கொஞ்சம் இளகிப் போனது. உள்ளே இருக்கிற கொழுப்புதான் வெளியேறுகிறது என்று போனில் விளக்கம் சொன்னார் மாமி.

ஒரு வாரம் போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் வீணாய்ப் போன பொருள் எதையாவது வைத்துக் கைவேலை செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஜன்னல் ஓரத்துக் குட்டிப் பாட்டிலுக்குத் துணி சுற்றிப் பொம்மை செய்யலாம் என்று எடுத்தேன். அம்மா பின்னால் உட்கார்ந்து எனக்கு ஜடை போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம் போல எழுத்துக் கூட்டி வாசித்தேன். முன்பக்கம் குழந்தை படம். பின்பக்கம் பொடி எழுத்தில், ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி.

"எக்ஸ்டர்னல்னா வெளிய இருக்கது. எக்ஸ்டர்னல் ஆர்கன்ஸ், காது, மூக்கு. டீச்சர் சொல்லித் தந்தாங்க."

ஜடை போட்ட கை நின்றது. "முழுசாச் சொல்லு. என்ன போட்டிருக்கு?"

"வெளிய தேய்க்க மட்டும்னு போட்டிருக்கு. குழந்தைக்கு."

அம்மா பாட்டிலைப் பிடுங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தா அன்றைக்கான ஸ்பூனைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய் வெகு நேரமாகியிருந்தது. போன் அடித்தாள். வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்க மாட்டார். மறுபடியும் அடித்தாள். பிறகு புர்காவை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் ஜடையும் மறுபக்கம் விரித்த முடியுமாக இருந்த என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வழி நெடுக அவள் உதடு ஓதிக்கொண்டே வந்தது. அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குள் அத்தாவின் மினி பஸ் நுழைந்துகொண்டிருந்தது. தெருவில் நாலு பேர் நின்றால் குரலைத் தாழ்த்திக்கொள்கிற எங்கள் அம்மா, நேராகப் போய் பஸ்ஸின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அத்தா பிரேக் அடித்ததில் உள்ளே யாருடைய பூக்கூடையோ உருண்டது.

"ஏங்க, இறங்குங்க! நீங்க குடிச்சது குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெயாம்!"

பஸ் முழுக்கக் கேட்டது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வையுங்கள் என்றார் ஒருவர். வாழைப்பழம் கொடுங்கள், இழுத்துக்கொள்ளும் என்றார் இன்னொருவர். பூக்கூடைக்கார அக்கா மட்டும், "குழந்தைக்குத் தேய்க்கதுன்னா நல்ல எண்ணெயாத்தான் இருக்கும், பயப்படாதீங்க அண்ணாச்சி" என்றார். அத்தா இறங்கி, வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றார். அதுவரை நன்றாக இருந்த மனிதருக்கு அந்த நிமிஷத்தில் வேர்க்க ஆரம்பித்தது. "எனக்கு என்னமோ செய்யுதுட்டி" என்றார். அதைக் கேட்டு நான் அழ ஆரம்பித்தேன். அத்தா செத்துப்போவார், நான் வாசித்ததால்தான் சாவார் என்றெல்லாம் தோன்றியது. கண்டக்டர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார்.

அதே டாக்டரம்மா. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டார். வாந்தி எடுக்க வைத்தீர்களா என்று கேட்டு, இல்லை என்றதும், "நல்ல காரியம் பண்ணுனீங்க. அதெல்லாம் பண்ணக் கூடாது" என்றார். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். இ.சி.ஜி. எடுத்தார். அந்த நீளத் தாளை அவர் கண்ணுக்கு நேரே பிடித்திருந்த நேரம் முழுவதும் அம்மா உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றார். "நல்லா இருக்கீங்க. இது தேய்ச்சு விடுறதுக்குன்னு வாசனை சேர்த்துச் செஞ்சது. ஒரு ஸ்பூன் அளவுக்கு விஷம் ஒண்ணும் ஆகிடாது. வயிறு இளகும், அவ்வளவுதான்."

"அது அப்பவே இளகிட்டு டாக்டரம்மா" என்றார் அத்தா. எல்லோரும் சிரித்துவிட்டோம். அழுத கண்ணோடு நானும் சிரித்தேன். வாசலில் நின்ற கண்டக்டர்கூடச் சிரித்தார்.

முதலில் குடித்த எண்ணெய் வேறு, அது தொண்டையில் காறும் என்று அத்தா சொன்னார். அந்தக் காறல்தான் நல்ல எண்ணெய்க்கு அடையாளம் என்றார் டாக்டரம்மா. பழத்தைச் சூடு காட்டாமல், மருந்து எதுவும் சேர்க்காமல் பிழிந்து எடுப்பதால் பழத்தின் சத்து எண்ணெயிலும் தங்கிவிடுகிறது, இதயத்துக்கு அது நல்லதுதான் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "புரோட்டாவ விட்டாச்சா?" என்று கேட்டார்.

அத்தா மின்விசிறியைப் பார்த்தார். "அதான் எண்ணெய் குடிக்கேம்லா. அது பாத்துக்கிடும்னு…"

"அது மத்த எண்ணெய்க்குப் பதிலாச் சேக்கிற எண்ணெய். புரோட்டாவத் தின்னுட்டு மேல ஊத்திக்கிற மருந்து இல்ல. அது கிடைக்கலைன்னா விடுங்க, வீட்டுல இருக்க நல்லெண்ணெயே போதும், அதையும் அளவாச் சேருங்க. மாத்திரையை மட்டும் விடாதீங்க."

அம்மா அத்தாவைப் பார்த்த பார்வையில் அவர் மேஜையடியில் ஒளிந்துகொள்ள இடம் தேடினார். டாக்டரம்மா சீட்டு எழுதிக்கொண்டே, "வீட்டுல வேற யாரும் குடிக்கலையே? பிள்ளைக்குக் குடுத்தீங்களா?" என்றார்.

"பிள்ளைக்குக் குடுக்கல" என்றாள் அம்மா. "நான் குடிச்சேன்."

அத்தா திரும்பினார். "நீயா? நீ எதுக்குக் குடிச்ச?"

"புதுசா வாங்கினதுல வாசம் ஒரு மாதிரி இருந்துச்சுல்லா. உங்களுக்கு ஒத்துக்கிடாமப் போயிட்டா? அதான் நீங்க எந்திரிக்கதுக்கு முன்னாடி நான் ஒரு ஸ்பூன் குடிச்சுப் பாத்துக்கிட்டேன். ஒண்ணும் செய்யலைன்னா உங்களுக்குத் தருவேன்."

"தினமுமா?"

"தினமும் ஊத்தித் தர்றேம்லா. தினமும்தான்."

எனக்குக் கோபமாக வந்தது. தோசைக்கு ஒரு சொட்டு கேட்டபோது, அது அத்தாவுக்கு என்று எனக்குத் தராதவள் அவள். டாக்டரம்மாவின் பேனா நின்றிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்தார். ஒருமுறை பார்த்தார். அவளைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வைத்து மறுமுறை பார்த்தார். அடுத்த கையிலும் பார்த்தார்.

"தலை வலிக்குமா?"

"வேலை இருந்தா வலிக்கத்தான் செய்யும்."

"எவ்வளவு காலமா?"

அம்மா யோசித்தாள். சொல்லத் தெரியவில்லை. அத்தாவைப் பார்த்தாள். அவருக்கும் தெரியவில்லை.

பிரஷர் மிகவும் அதிகம், வெகு நாளாகவே இருந்திருக்கிறது, இன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மருந்தில் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம் என்று அம்மாவின் தோளில் தட்டினார். பிறகு, "நல்ல வேளை, நீங்களும் குடிச்சீங்க. இல்லைன்னா உங்களுக்காக நீங்க இங்க வந்திருக்கவா போறீங்க?" என்றார். தேய்க்கிற எண்ணெயைக் குடித்தது எப்படி நல்ல வேளையாகும் என்று எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாமிக்குப் போன் போட்டார் அத்தா. ஸ்பீக்கரில் போட்டு, பஸ்ஸை மறித்தது, பூக்கூடை உருண்டது, வயிறு இளகியது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். மறுமுனையில் மாமி சிரித்துச் சிரித்து இருமினார். அம்மா, போதும் போதும் என்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"அவளும் குடிச்சிருக்கா தெரியுமா" என்று அத்தா ஆரம்பித்தார். உடனே ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, செருப்பு மாட்டாமல் தெருவுக்குப் போய்விட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜன்னலை ஒட்டி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி அவர் ரொம்ப நேரம் நின்றார். போனிலிருந்து, "ஏலே தம்பி, இருக்கியா? ஏலே" என்ற மாமியின் குரல் சன்னமாகக் கேட்டது. அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டவர் கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, நான் பொம்மைக்குத் துணி வெட்டப் போனேன்.