நான் சொன்னால்தான் உண்மையா?

பூந்தமல்லியில் எங்கள் அடுக்குமாடிப் பையன்களுக்கும் பக்கத்து ஊர்ப் பையன்களுக்கும் கிரிக்கெட் மைதானத்துக்காக ஓயாத சண்டை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் கைகலப்பு முற்றி, நானும் அந்த ஊர்ப் பையன் டில்லியும் போலீஸிடம் சிக்கினோம்.

ஸ்டேஷனில் என்னை நாற்காலியிலும், உதடு கிழிந்திருந்த டில்லியைத் தரையிலும் உட்காரவைத்தார்கள். அப்பா காரில் வந்ததும் எஸ்.ஐ., "படிக்கிற பையன், கூட்டிட்டுப் போங்க சார். கீழ உக்காந்திருக்கானே, இவன்மேல கேஸ் போட்டாத்தான் மத்தவனுங்க அடங்குவானுங்க" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. "சார், முதல்ல அடிச்சது நான்தான்" என்றேன். அப்பாவின் முகம் வெளுத்தது. எஸ்.ஐ. யோசித்துவிட்டு, இருவரையும் எச்சரித்து அனுப்பினார்.

டில்லி நன்றி சொல்வான் என்று வாசலில் நின்றேன். "நானும் வந்ததுலருந்து அதத்தானே சொல்லிக்கினு இருந்தேன்? நீ சொன்னாதான் நம்புறாரு" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

உண்மையைச் சொன்னதாக நான் பெருமைப்பட்டது அந்த வாசல்வரைதான்.