நல்லதம்பி முறை விட்ட கதை

குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகிற பாதையில் நல்லதம்பிக்குக் கடை. எண்ணெய், சோப்பு, துண்டு. சீசனில் வருகிறவர்களில் யார் எந்த எண்ணெய் கேட்பார்கள் என்று முகத்தைப் பார்த்தே எடுத்து வைத்துவிடுவான். அந்தச் சாமர்த்தியம் கல்யாண விஷயத்தில் மட்டும் கைகொடுக்கவில்லை.

அவனுடைய முறைப்பெண் ரெபேக்காள், தென்காசியில் கம்பவுண்டராக இருந்த தாய்மாமன் அருமைநாயகத்தின் மகள். இன்னாருக்கு இன்னார் என்று சின்ன வயசிலேயே இரண்டு வீட்டிலும் பேசி வைத்தாயிற்று. ரெபேக்காளுக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் படிப்பை அவள் விடுவதாக இல்லை. பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்தாள். பிறகு டெல்லிக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழியில் டிப்ளமா வாங்கி, 1960-ல் அதிலேயே மேல்வகுப்பிலும் சேர்ந்துவிட்டாள். தென்காசியில் இருந்துகொண்டு இத்தாலி பாஷை எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. பழைய காவியங்களை அந்த மொழியிலேயே படித்து ஆராய்ச்சி எழுதப்போகிறாள் என்று சொல்லிச் சொல்லி அருமைநாயகத்துக்கு வாய் வலித்தது.

நல்லதம்பிக்கு முதலில் பொறாமை அந்தப் பாஷை மேலேயே வந்தது. லீவில் வந்தால் துணி துவைக்கும்போதுகூட இத்தாலியப் பாட்டை முணுமுணுப்பாள். தன்னிடம் நாலு வார்த்தையில் பேச்சை முடிக்கிறவள், அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துச் சொல்வானேன்?

அப்புறம் ஒரு போட்டோ அனுப்பினாள். வகுப்புப் பிள்ளைகளோடு எடுத்தது. ரெபேக்காளுக்கு நேர் பின்னால் இத்தாலிய வாத்தியார் நிற்கிறார். நெட்டையான ஆள், வெளுத்த முடி, வாய்கொள்ளாத சிரிப்பு. வெள்ளைக்காரனுக்குத் தலைமுடி பொன்னிறமாக இருக்கும் என்று நல்லதம்பி கேள்விப்பட்டிருந்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் பொன்முடி இப்படித்தான் தெரியும், ஆளுக்கு முப்பது வயசு இருக்கலாம் என்று தானே முடிவு கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கடைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம், கண்ணெதிரே பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்துக்கொண்டு, எண்ணெய் இல்லை என்று சொல்லி அனுப்பினான்.

அடுத்த வருஷம் சீசன் நேரத்தில் ரெபேக்காள் ஊருக்கு வந்தாள். ஆராய்ச்சிக்காக இரண்டு வருஷம் ரோமாபுரிக்குப் போக அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வந்த மறுநாளே அருமைநாயகம் சபை மூப்பர் ஞானதுரையைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு தங்கை, நல்லதம்பியின் அம்மா தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்தார். வழக்கத்துக்கு மாறாக ரெபேக்காளும் கூட வந்தாள்.

எங்கள் பக்கத்தில் இப்படித் தட்டோடு வந்தால் கல்யாணம் நிச்சயம் பண்ண வந்ததாகவும் இருக்கலாம். பெண்ணை உறவுக்கு வெளியே அசலில் கொடுக்க முறைமாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்க வந்ததாகவும் இருக்கலாம். அவன் வெற்றிலையைக் கையில் எடுத்து, நாலு பேர் முன்னால் முறை விட்டதாகச் சொல்லிவிட்டால் முடிந்தது. இரண்டுக்கும் தட்டு ஒன்றுதான். நல்லதம்பிக்கு இரண்டாவது மட்டும்தான் தோன்றியது. பெண்ணே கூட வந்து நிற்கிறாள் என்றால் வேறு என்னவாக இருக்கும்?

அருமைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் அவன் வெற்றிலையை எடுத்துவிட்டான்.

"முறையை விட்டுட்டேன், மாமா. ஒங்க மவளை அந்த இத்தாலிக்காரனுக்கே கெட்டிக் குடுங்க."

காபியோடு வந்த தங்கபுஷ்பம் அப்படியே நின்றுவிட்டாள். எந்த இத்தாலிக்காரன் என்று கேட்டார் அருமைநாயகம். நல்லதம்பி சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினான். அந்த மனுஷன் பேரன் பேத்தி எடுத்தவர், அது நரைத்த தலை என்றார் அவர். இப்போது நிச்சயம் பண்ணிவிட்டு, அவள் திரும்பி வந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பேசத்தான் வந்தோம் என்றும் சொன்னார்.

நல்லதம்பி வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தான். தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றான். பையன் ஆத்திரத்தில் சொன்னதுதானே, பெரிசு பண்ண வேண்டாம் என்று மூப்பரும் சொல்லிப் பார்த்தார். ரெபேக்காள்தான் இறங்கி வரவில்லை.

"ரெண்டு வருசம் எனக்காவ இருப்பியளான்னு கேக்கத்தான் நானே வந்தேன், அத்தான். ஒரு கெழவரைப் போட்டோவுல பாத்ததுக்கே இந்தப் பாடு. நான் அங்கன இருந்தா தெனமும் என்னல்லாம் நெனப்பிய?"

அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ரோமாபுரியில் ஆராய்ச்சியை முடித்துவிட்டு வந்து, டெல்லியிலேயே விரிவுரையாளர் ஆனாள். கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை ஆலங்குளத்துக்காரன், டெல்லியில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. ஊரில் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, அவள் கப்பல் ஏறுவதற்கு முன்பே பெண் கேட்டு, திரும்பி வரும்வரை காத்திருந்தவன். நல்லதம்பி கல்யாணத்துக்குப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து மாப்பிள்ளையை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தான். தன்னைவிடக் குள்ளம், நிறமும் மட்டுதான். அந்த இத்தாலிக்காரனையே கட்டியிருந்தால்கூட அவனுக்கு மனசு ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் ஆற்றாமையோடு கேட்டாள். "அவன் ஒன்னைய விட எதுலலே ஒசத்தி?"

நல்லதம்பி சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"ரெண்டு வருசம் சும்மா இருந்திருக்கான்மா."