கேக் தின்று ஏறிய வயது

செல்வநாதனுக்கு நாசரேத் பக்கம். சென்னையில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்து, தட்டுகளை அடுப்புக்குள் தள்ளி, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றவர். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சொந்தக் கடை போட்டபோது, லாரிக்காரர்கள் டீயில் தோய்த்துத் தின்னும் ரஸ்க்கும் பன்னும்தான் ஓடின. பிறந்தநாள் கேக் எப்போதாவது ஒன்று. அதைச் சுட்டு ஆறவைத்து, மேலே உப்பியிருப்பதை நீளக் கத்தியால் சீவிச் சமமாக்கிய பிறகே கிரீம் தடவுவார். சீவிய துண்டு, தட்டு கழுவ வரும் முனியம்மாளின் மகள் கலைமதிக்கு.

தொண்ணூற்றொன்று ஜனவரியில் அவருடைய மகள் ஷாலினுக்குப் பிறந்தநாள் வந்தது. காலையில் ஷாலினுக்கு நாலு வயது என்றார்கள். கேக் வெட்டி வாயில் வைத்ததும், அஞ்சு வயது என்றார்கள். கலைமதி இதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் வாயிலும் ஒரு துண்டு இருந்தது.

அவள் வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் கிடையாது. ஏரி உடைந்த மழையில் பிறந்தவள் என்பதோடு சரி. ஷாலினைவிட ஒரு சாண் குட்டை. ஜூனில் இரண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸில் சேர்ந்து பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதாகப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் கையைத் தலைக்கு மேலே சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டால்தான் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு அதே கவலை. இப்போது வழி தெரிந்துவிட்டது. சீவல் விழுந்த நாளெல்லாம் கத்தியடியில் வந்து நின்றாள். தின்று முடித்ததும் கையைச் சுற்றிக் காதைத் தேடுவாள். ஷாலின் கேக்கைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். அந்த வாசனையிலேயே வளர்ந்தவள்.

மே கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலைக்குப் பின் நெடுஞ்சாலைக் கடைகள் சில நாள் அடைத்தே கிடந்தன. ஆர்டர் இல்லை. ஆனாலும் அதற்குள் கலைமதியின் விரல் காதைத் தொட்டுவிட்டது.

பள்ளி திறந்ததும் முனியம்மாள் மகளை அழைத்துப் போனாள். தலைமை ஆசிரியர் சுப்பராயன் கையைச் சுற்றச் சொன்னார். "தலைய சாய்க்காத... ஆங், தொட்டுட்டா. வயசு இன்னா?"

"எட்டு சார்."

"ஐயோ சார், அஞ்சுதான்" என்றாள் முனியம்மாள்.

"எட்டு வயசு பெரிய மனுஷிக்கு ஒண்ணாங்கிளாஸ்ல இன்னா வேல? மூணாங்கிளாஸ்ல போய் குந்து" என்று சிரித்துக்கொண்டே பெயரை ஒண்ணாங்கிளாஸில்தான் எழுதினார். கலைமதி அதைப் பார்க்கவில்லை. மூணாங்கிளாஸ் என்றது மட்டும் காதில் விழுந்தது. அழுதபடி நேராகக் கடைக்கு ஓடி வந்தாள்.

"ஏட்டி, என்னத்துக்கு அழுத?" என்றார் செல்வநாதன்.

"மாமா, வயச எறக்க இன்னா துன்னணும்?"

விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த முனியம்மாள், "பைத்தியம், பேரு ஒண்ணாவதுலதான் எழுதிக்கீறாரு" என்றாள். கலைமதி நம்பவில்லை.

"கேக் தின்னா வயசு ஏறாது புள்ள."

"ஷாலினுக்கு ஏறிச்சே! காலையில நாலு, துன்ன அப்பாலிக்கா அஞ்சு. நான் பாத்தேன். அதுக்கப்பால நான் மூணு வாட்டி துன்னுட்டேன்."

அன்றைக்கு அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், செல்வநாதனும் சேர்த்து.

ஷாலின் மட்டும் யோசித்தாள். "எறக்க முடியாதுன்னா நான் ஏறிக்கிடுதேன். அப்பா, மூணு துண்டு தாங்க."

அவர் சிரிக்கவில்லை. அடுப்பிலிருந்து வந்து ஆறிக்கொண்டிருந்த கேக்கில் மூன்று துண்டு வெட்டினார். முதல் துண்டு சுலபமாக இறங்கியது. மூன்றாவதுக்கு ஷாலினின் கண்ணில் தண்ணீர் வந்தது. கலைமதி விடவில்லை, உதிர்ந்ததையும் பொறுக்கி ஊட்டினாள். "தூள் மிச்சம் வெச்சா ஏழரதான் ஆவும்டி."

மறுநாள் காலை பன் வேலை முடிந்ததும் செல்வநாதன் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் கலைமதியும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஷாலின் காதைத் தொட்டாள். "வயசு?"

"எட்டு."

சுப்பராயன் பேனாவை நிறுத்திவிட்டு, மாவு அப்பிய கையோடு நின்ற தகப்பனைப் பார்த்தார்.

"நேத்துல இருந்து எட்டு, சார்" என்றார் செல்வநாதன் பணிவாக.

சுப்பராயன் ஒருமுறை ஷாலினையும் ஒருமுறை கலைமதியையும் பார்த்தார். அஞ்சு என்று எழுதி மையை ஒற்றினார். பிறகு வகுப்புக்கே கேட்கும்படி, "எட்டு வயசுக்காரங்க ரெண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸ்ல, ஜன்னலாண்ட சேந்து குந்துங்க" என்றார்.

குந்தினார்கள். சிலேட்டைக் கீழே போட்டு அழுத ஒரு பையனை, "அஞ்சு வயசு, பாவம்" என்று சமாதானப்படுத்தவும் செய்தார்கள்.

அதற்குப் பிறகு செல்வநாதனுக்கு வேலை ஒன்று கூடியது. ஒவ்வொரு கேக்கின் சீவலையும் ஒரே அளவில் இரண்டாகப் பிரித்து, இரண்டு பேரும் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊர் பழையபடி ஆனதும் ஆர்டரும் பெருகத் தொடங்கியது. தீபாவளிக்குள் இருவருக்கும் பதினாலு.

"அண்ணே, கேக்க கொஞ்சம் நிதானமா போடு" என்றாள் முனியம்மாள், தட்டைத் தேய்த்துக்கொண்டே. "இன்னும் நாலு வந்துச்சுன்னா நாம மாப்ள தேடினு அலையணும்."