கடல் கேட்காத ஹெட்போன்

கல்பாக்கத்தில் அணு உலை எழும்பிக்கொண்டிருந்த காலம். மாமல்லபுரம் கடற்கரையில் சங்கு மாலை விற்ற அந்த மனிதர், கைக்காசு தீர்ந்த வெள்ளைக்காரர்கள் விற்றுப்போன சாமான்களையும் விற்பார். அவர் முண்டாசுக்கு மேல் எப்போதும் ஒரு ஹெட்போன் இருக்கும்; அதன் ஒயரை லுங்கி மடிப்பில் செருகியிருப்பார்.

எனக்கு அது தேவைப்பட்டது. புதுப்பட்டினத்தில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. மனைவி நர்ஸ், இரவு டூட்டி முடித்துப் பகலில் தூங்குவாள். எனக்கோ கிரிக்கெட் கமெண்டரி உயிர். மவுண்ட் ரோடு கடை விலை என் சம்பளத்துக்கு எட்டாது.

"நல்ல சரக்கா?" என்றேன்.

என் காதில் மாட்டிவிட்டுக் கடலைக் காட்டினார். பிறகு ஒரு பக்கத்தைத் தூக்கி, "கடலு கேட்டுச்சா?" என்றார்.

"இல்லை."

"அப்றம் இன்னா? ஃபாரின் சரக்கு, அண்ணாத்த!"

மறுபேச்சில்லாமல் வாங்கினேன். வீட்டில் ரேடியோவில் செருகினால் கமெண்டரியும் கேட்கவில்லை.

மறுநாளே போய்ச் சண்டை பிடித்தேன். "ஏம்பா, இதுல ரேடியோவே கேக்கலியே! பொண்டாட்டி தூங்கணும்னுதானே வாங்கினேன்?"

"அவங்க தூங்கணும்னா அவங்க காதுல மாட்டு. நீ இன்னாத்துக்கு மாட்டிகினு கீறே?"

அந்த மேட்ச் முழுவதையும் ரேடியோவை அலறவிட்டுக் கேட்டேன். ஹெட்போன் மாட்டிய மனைவி அசையவே இல்லை. அவர் என்னை ஏமாற்றினாரா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.